ஜீ.ஐ. பைப்பில் நாகம் எத்தனை கிராம்?

கல்முனை பஸாரில் உள்ள எந்த இரும்புக் கடைக்குள் போய் "ஒரு அங்குல ஜீ.ஐ. பைப் இருக்கா காக்கா?" என்று கேட்டாலும் இருக்கிறது என்றுதான் பதில் வரும். மூன்று கடைகளில் விசாரித்தால் மூன்று விலை சொல்வார்கள். வாங்க வந்தவர், குறைந்த விலை சொன்னவரை நல்ல மனிதர் என்றும் கூடிய விலை சொன்னவரை இலாபத்தில் ஆசைப்பட்டவர் என்றும் முடிவு கட்டிக்கொண்டு போவார். ஆனால் அந்த மூன்று கடைகளிலும் அவர் பார்த்தது மூன்று வெவ்வேறு சரக்காக இருக்கலாம். பெயர் மட்டும்தான் ஒன்று.

இதைக் கடைக்காரரின் குற்றம் என்று சொல்ல வரவில்லை. பல நேரங்களில் அவருக்கே தெரிவதில்லை. கொழும்பிலிருந்து லொறியில் சரக்கோடு வரும் பில்லில் "ஜீ.ஐ. பைப், ஒரு அங்குலம், இத்தனை நீளம்" என்று ஒரு வரிதான் இருக்கும். எந்த முறையில் நாகம் பூசப்பட்டது, ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் பூசப்பட்டது என்பது அதில் இருக்காது. நாமும் கேட்பதில்லை. ஆனால் மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ கடற்கரையை ஒட்டிய வீட்டுக்கு கேற் அடிப்பவருக்கும், நிந்தவூரில் தண்ணீர்த் தாங்கிக்கு ஸ்டாண்ட் கட்டுபவருக்கும், பள்ளிவாசல் முற்றத்துக்குக் கொட்டகை போடும் நிருவாகத்தினருக்கும் போட்ட காசு இரண்டு வருடம் நிற்குமா, பதினைந்து வருடம் நிற்குமா என்பதை எழுதப்படாத அந்த விடயம்தான் முடிவு செய்கிறது. எனவே இந்த வாரம் நாகப் பூச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். நாகம் என்று நாம் சொல்வதும், இந்தியாவில் துத்தநாகம் என்பதும், கடையில் சிங்க் என்பதும் ஒரே உலோகம்தான்.

நமது காற்றில் இருப்பது

பொத்துவிலிலிருந்து மருதமுனை வரை நமது ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒரு நாடாவைப் போல நீண்டு கிடக்கின்றன. சன நெருக்கமான பகுதிகளில் வீடுகள் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அலை உடையும்போது எழும்பும் நுண்ணிய உப்பு நீர்த் துளிகளை, மாரியில் வாடைக் காற்று நேராக ஊருக்குள் கொண்டுவந்து கொட்டுகிறது. இந்த உப்பின் பெரும்பகுதி கரையிலிருந்து முதல் சில நூறு மீற்றருக்குள்ளேயே படிந்துவிடும். உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். அதனால்தான் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய பைப் சம்மாந்துறையில் பளிச்சென்று நிற்கும்போது மருதமுனைக் கரையில் கறள் வழிந்துகொண்டிருக்கும். வாங்கியவர் "சரக்கு சரியில்லை" என்பார். விற்றவர் "அதே சரக்கைத்தான் சம்மாந்துறைக்கும் கொடுத்தேன்" என்பார். இருவர் சொல்வதும் உண்மை.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். மழை நன்றாகப் படும் பக்கத்தில் கறள் குறைவு. கூரையின் கீழ்ப்புறத்திலும், ஸ்டாண்டின் குறுக்குப் பைப்புகளின் அடிப்பக்கத்திலும்தான் அதிகம். மழை உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. மழை படாத இடத்தில் உப்பு படிந்து, இரவின் ஈரத்தை உறிஞ்சி, இரும்பை நனைத்தபடியே வைத்திருக்கிறது. கடலோரத்தில் இருப்பவர்கள் கேற்றையும் கிறில்லையும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டாலே ஆயுள் கூடும். செலவில்லாத வைத்தியம் இது.

ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேச தர நியமம், காற்றின் அரிக்கும் தன்மையை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. மிதமான இடத்தில் வருடத்துக்கு 0.7 முதல் 2.1 மைக்ரோன் வரை நாகம் தேயும். அடுத்த வகுப்பில் 2.1 முதல் 4.2. கடலோரம் போன்ற கடுமையான இடங்களில் 4.2 முதல் 8.4. இதே கடுமையான வகுப்பில் பூச்சில்லாத வெற்று இரும்பு வருடத்துக்கு 80 முதல் 200 மைக்ரோன் வரை தேயும். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த இலக்கங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாகம் இரும்பை இரண்டு விதமாகக் காக்கிறது. காற்றும் ஈரமும் படாமல் போர்வையாக மூடுவது ஒன்று. அதைப் பெயின்டும் செய்யும். பெயின்டால் செய்ய முடியாதது மற்றது. பூச்சில் ஒரு கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்திலுள்ள நாகம் முதலில் தான் கரைந்து இரும்பைக் கரையவிடாமல் வைத்திருக்கும். இரண்டு உலோகமும் ஒட்டி ஈரத்தில் இருந்தால் ஒரு சிறிய பற்றரி போல வேலை நடக்கிறது. அதில் தேய்வது நாகம். ஆகவே நாகம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு காலம்தான் காவல். 1837இல் ஸ்ரனிஸ்லாஸ் சொறல் என்ற பிரெஞ்சுக்காரர் உருகிய நாகத்தில் இரும்பைத் தோய்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஜீ.ஐ. என்பதில் உள்ள ஜீ, மின்சாரத்தை ஆராய்ந்த இத்தாலிய விஞ்ஞானி கல்வானியின் பெயரிலிருந்து வந்தது.

தோய்த்த பைப்

முதல் தரம் ஹொட் டிப் எனப்படும் சூட்டுத் தோய்ப்பு. முதலில் பைப்பை உருவாக்கி, ஒட்டி முடித்துவிடுவார்கள். பிறகு எண்ணெய்ப் பசை போகக் கழுவி, அமிலத்தில் ஊறவைத்துக் கறளை நீக்கி, ஒட்டுதலுக்கு உதவும் உப்புக் கரைசலில் நனைத்து, சுமார் 450 பாகை செல்சியஸ் சூட்டில் உருகிக் கிடக்கும் நாகத் தொட்டிக்குள் முழுமையாக அமிழ்த்துவார்கள். நாகம் உருகுவது கிட்டத்தட்ட 420 பாகையில். வெளியே எடுக்கும்போது உட்புறத்தில் நீராவியை அடித்து மேலதிக நாகத்தை வெளியேற்றுவார்கள்.

இங்கே நடப்பது வெறும் பூச்சு அல்ல. சூட்டில் இரும்பும் நாகமும் ஒன்றோடொன்று கலந்து சில படைகளாகக் கலப்புலோகம் உண்டாகிறது. அந்தப் படைகளில் சில இரும்பைவிடக் கடினமானவை. லொறியில் உரசினாலும், தரையில் இழுத்தாலும் எளிதில் உரிந்து வராதது அதனால்தான். உள்ளே, வெளியே, ஒட்டுக் கோட்டின் மேலே என்று எல்லா இடத்திலும் நாகம் பிடித்திருக்கும். இந்திய நியமத்தில் தண்ணீர்ப் பைப்புக்குச் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 400 கிராம் என்பது வழக்கமான அளவு. இது சுமார் 56 மைக்ரோன் கனம். கட்டி முடித்த இரும்பு வேலைகளைத் தோய்க்கும்போது, ஐ.எஸ்.ஓ. 1461 நியமப்படி 3 முதல் 6 மில்லிமீற்றர் கன இரும்பில் சராசரி 70 மைக்ரோன், அதற்கு மேற்பட்ட கனத்தில் 85 மைக்ரோன் இருக்க வேண்டும்.

குறையும் உண்டு. பார்ப்பதற்குச் சொரசொரப்பாக, சில இடத்தில் மங்கலாக இருக்கும். நுனியில் நாகம் சொட்டி உறைந்திருக்கும். அழகைப் பார்த்து வாங்குபவர் இதை ஒதுக்கிவிட்டு பளபளப்பானதைத்தான் எடுப்பார். தண்ணீர்ப் பைப்பில் மரை வெட்டும்போது அந்த இடத்து நாகம் முழுவதும் போய்விடுகிறது. பழைய வீடுகளில் ஜீ.ஐ. குழாய் முதலில் ஒழுகுவது சொக்கற்றுக்குப் பக்கத்தில்தான் என்பது எந்தப் பிளம்பருக்கும் தெரியும். இப்போது வீட்டுத் தண்ணீருக்குப் பீ.வி.சி. வந்துவிட்டதால் அந்தப் பேச்சு குறைந்துவிட்டது. இன்றைக்கு நமது கடைகளில் ஜீ.ஐ. பைப்பும் பொக்ஸ் பாரும் போவது பெரும்பாலும் கேற், கொட்டகை, ஸ்டாண்ட், கூரைச் சட்டம் ஆகியவற்றுக்குத்தான். அங்கேதான் இரண்டாவது வகை நுழைகிறது.

தகட்டிலேயே பூசியது

ப்ரீ கல்வனைஸ் என்று இறக்குமதியாளர்கள் சொல்வது இதைத்தான். இங்கே பைப்புக்கு நாகம் பூசுவதில்லை. தகட்டுச் சுருளாக இருக்கும்போதே தொழிற்சாலையில் மெல்லிதாக நாகம் ஏற்றிவிடுகிறார்கள். பிறகு அந்தத் தகட்டை நீள நீளமாக வெட்டி, வளைத்து, விளிம்புகளை ஒட்டிப் பைப்பாகவோ பொக்ஸ் பாராகவோ ஆக்குகிறார்கள். வேலை வேகமானது, செலவு குறைவு, பார்வைக்கு வழுவழுப்பு.

பூச்சின் அளவை இசட் 80, இசட் 120, இசட் 275 என்று குறிப்பார்கள். அந்த இலக்கம் ஒரு சதுர மீற்றர் தகட்டின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து உள்ள நாகத்தின் கிராம் நிறை. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இசட் 275 என்றவுடன், 400இல் பாதிக்கு மேல் இருக்கிறதே என்று நினைப்பார்கள். அந்த 400 ஒரு பக்கத்துக்குரியது, இந்த 275 இரண்டு பக்கத்துக்குரியது. ஆகவே இசட் 275இல் ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரோனுக்குச் சற்றுக் குறைவுதான். இசட் 120இல் சுமார் 8. இசட் 80இல் 6 மைக்ரோன்கூட இல்லை.

அதைவிடப் பெரிய பலவீனம் ஒட்டுக் கோடு. இரும்பு உருகி ஒட்டுவதற்கு 1,500 பாகை அளவு சூடு வேண்டும். நாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். எனவே ஒட்டும் இடத்தில் நீளத்துக்கும் நாகம் எரிந்துபோகிறது. நல்ல தொழிற்சாலை வெளிப்புறக் கோட்டின்மேல் உடனே நாகம் தெளித்து மூடும். மற்றவை வெள்ளிநிறப் பெயின்டை இழுத்துவிடும். உட்புறக் கோடு எப்படியும் வெற்று இரும்பாகவே இருக்கும். வெட்டிய நுனிகளும் அப்படியே. கடலோரத்தில் பைப்பின் நீளத்துக்கு நூல் பிடித்தாற்போல நேராகக் கறள் வருவதைக் கண்டிருந்தால், அதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது வகை மின்முலாம். நாகம் கரைந்த திரவத்தில் இரும்பை வைத்து மின்சாரம் பாய்ச்சிப் படியவைப்பது. சாதாரணமாக 5 முதல் 12 மைக்ரோன் வரைதான் படியும். நீண்ட பைப்பின் உட்புறத்துக்கு மின்சாரம் சரியாகப் போவதில்லை, அங்கே பூச்சு ஏறக்குறைய இல்லை எனலாம். கண்ணாடி போல மின்னும். வீட்டுக்குள் திரைச்சீலைக் கம்பிக்கும் அலுமாரித் தடிக்கும் நல்லது. வெளியில், அதுவும் நமது கரையில், அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வியாபாரிகளுக்கு மைக்ரோனைவிடக் கிராம் எளிதாக விளங்கும். ஒரு அங்குல மீடியம் பைப்பை எடுத்துக்கொள்வோம். வெளி விட்டம் 33.7 மில்லிமீற்றர், கனம் 3.2 மில்லிமீற்றர், நீளம் 6 மீற்றர். உள்ளும் வெளியும் சேர்த்து அதன் பரப்பு ஒரு சதுர மீற்றரைவிடச் சற்றுக் கூட. சதுர மீற்றருக்கு 400 கிராம் படி தோய்த்தால் அதன்மேல் 460 கிராம் அளவில் நாகம் இருக்கும். அதே அளவான பைப்பை இசட் 120 தகட்டில் செய்தால் இருப்பது சுமார் 70 கிராம். நாகத்தின் விலை உருக்கின் விலையைவிடப் பல மடங்கு என்பதை நினைவில் வைத்தால், இரண்டு கடையின் விலை ஏன் வேறுபடுகிறது என்பது தானாக விளங்கிவிடும். கூடிய விலை சொன்ன கடைக்காரர் அரைக் கிலோவுக்குக் கிட்டிய நாகத்தை விற்கிறார்.

இனி வருடக் கணக்கு. கடலோரத்தில் வருடம் 4 மைக்ரோன் தேய்கிறது என்று ஒரு மதிப்புக்கு வைத்துக்கொள்வோம். இசட் 120 பைப்பின் நாகம் இரண்டு வருடத்தில் முடியும். இசட் 275 ஐந்து வருடம் போகும். 56 மைக்ரோன் தோய்ப்பு 14 வருடம் நிற்கும். சில கிலோமீற்றர் உள்ளே போய், வருடம் ஒன்றரை மைக்ரோன்தான் தேய்கிறது என்று வைத்தால் இசட் 120 ஐந்து வருடத்தைத் தாண்டும், தோய்த்த பைப் ஒரு தலைமுறைக்கு நிற்கும். துல்லியமான ஜோசியம் அல்ல இது. காற்றுக்குக் காற்று, மறைவுக்கு மறைவு மாறும். ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறாது.

நாகம் முடிந்த பிறகு என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். வெற்று இரும்பு வருடத்துக்கு 100 மைக்ரோன் தேய்ந்தால் அது ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. உள்ளும் புறமும் தேய்ந்தால் பத்தில் இரண்டு பங்கு. மீடியம் பைப்பின் 3.2 மில்லிமீற்றர் அதைக் கொஞ்ச காலம் தாங்கும். ஆனால் ப்ரீ கல்வனைஸ் பொக்ஸ் பார்கள் பெரும்பாலும் 1.2, 1.5 மில்லிமீற்றர் கனத்தில்தான் வருகின்றன. 1.2 மில்லிமீற்றரில் பாதி போக மூன்று வருடம் போதும். மெல்லிய நாகமும் மெல்லிய இரும்பும் ஒன்றாக வருவதால் இரண்டு பக்கத்தாலும் அடி விழுகிறது. ஆயிரம் லீற்றர் தாங்கியில் தண்ணீர் மட்டும் ஒரு தொன். அதன் கீழே பிள்ளைகள் விளையாடுகின்றன.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குத் தாவியபோது, வீடு கட்டிக்கொண்டிருந்த எவருக்கும் கனமான சரக்கை வாங்கும் சக்தி இருக்கவில்லை. மெலிந்த சரக்குத்தான் கைக்கு எட்டியது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகும் பலர் அந்தப் பழக்கத்திலிருந்து மீளவில்லை என்பது எனது அபிப்பிராயம்.

பாம்பனில் செய்தது

நமக்கு அதிக தூரமில்லாத ஓர் உதாரணம் பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. இராமேஸ்வரம் தீவைத் தமிழ்நாட்டுக் கரையோடு இணைக்கும் பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. கடல் நடுவில் நின்ற இரும்புப் பாலம் அது. உலகிலேயே இரும்பு மிக வேகமாக அரிக்கப்படும் இடங்களில் அந்தப் பகுதியும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. நூறு வருடத்துக்கு மேலாக விடாமல் பராமரித்து ஓட்டிய பிறகு, 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டது. பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் திகதி திறக்கப்பட்டது.

புதிய பாலத்தின் உருக்குப் பாகங்கள் தொட்டியில் தோய்க்க முடியாத அளவு பெரியவை. ஆகவே நாகத்தைக் கம்பியாக எடுத்து, உருக்கி, காற்றழுத்தத்தால் மேற்பரப்பில் தெளிக்கும் முறையைப் பயன்படுத்தினார்கள். 200 மைக்ரோன் நாகம், அதன்மேல் 25 மைக்ரோன் எபொக்சி, அதற்கும் மேல் 125 மைக்ரோன் பொலிசிலொக்சேன் பெயின்ட். பராமரிப்பு இல்லாமலே 38 வருடம், சிறிய பராமரிப்போடு 58 வருடம் என்று இந்திய ரயில்வே தரப்பு கணக்குச் சொல்லியிருக்கிறது. ஒட்டும் இடத்தில் 8 மைக்ரோனும் எரிந்துபோன பைப்பைக் கடற்கரையில் நட்டுவிட்டுப் பத்து வருடம் எதிர்பார்க்கும் நாம், இந்த இலக்கங்களைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பாம்பனுக்குப் பக்கத்தில் மண்டபத்தில், இரும்புத் துண்டுகளைக் கடற்காற்றில் வருடக் கணக்கில் தொங்கவிட்டுத் தேய்மானத்தை அளக்கும் ஆய்வு நிலையம் ஒன்று உண்டு. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் கிளை அது. அந்த நிறுவனம் காரைக்குடியில் அமைவதற்கு 300 ஏக்கர் காணியும் 15 இலட்சம் ரூபாவும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். விஞ்ஞானி அல்ல, ஒரு வியாபாரி.

தெளிப்பு முறை நமது ஊர் வேலைக்கு ஒத்துவருமா என்றால், மேற்பரப்பை மணல் அடித்து வெள்ளையாக்காமல் தெளித்தால் பிடிக்காது. அதற்குரிய இயந்திரமும் பழகிய கையும் வேண்டும். சிறிய கேற்றுக்கு அது கட்டுப்படியாகாது. நாகத் தூளோடு பீப்பாயில் உருட்டிச் சூடாக்கும் இன்னொரு முறையும் இருக்கிறது. அது ஆணி, போல்ட் போன்ற சிறு பொருட்களுக்கானது.

வெல்டிங் பாஸ்மாருக்கு

நல்ல பைப்பை வாங்கிக் கொடுத்தாலும் வெல்டிங் நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் நாகம் ஆவியாகிப் போகிறது. அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவில் குளிர்காய்ச்சல் வரும். உலோகப் புகைக் காய்ச்சல் என்று வைத்தியர்கள் சொல்வார்கள். பால் குடித்தால் சரியாகும் என்பது நம்மவர்களின் நம்பிக்கை. ஒட்டும் இடத்து நாகத்தை முதலில் கிரைண்டரால் நீக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில், புகைக்கு எதிர்ப்பக்கமாக நின்று வேலை செய்வதுதான் சரியான வழி.

வேலை முடிந்ததும் நம்மவர்கள் ஒட்டின்மேல் சில்வர் பெயின்ட் அடிப்பார்கள். நிறம் பொருந்திவிடும், கண் ஏமாந்துவிடும். அது அலுமினியத் தூள் கலந்த சாதாரணப் பெயின்ட். நாகம் செய்யும் காவலை அது செய்யாது. சில மாதத்தில் ஒட்டின்மேல் மண்ணிறம் பூக்கும். அங்கே அடிக்க வேண்டியது சிங்க் ரிச் எனப்படும் நாகத் தூள் செறிந்த பெயின்ட். நல்ல ரகத்தில் காய்ந்த படலத்தின் நிறையில் பத்தில் ஒன்பது பங்கு நாகமாகவே இருக்கும். வயர் பிரஷால் கரியையும் சிலாகையையும் சுத்தமாக நீக்கிவிட்டு இரண்டு தடவை அடிக்க வேண்டும். விலை கூடத்தான். ஆனால் ஒரு கேற்றுக்குத் தேவைப்படுவது சிறிய டின் ஒன்று. நமது கடைகளில் இதை வைத்திருப்பவர்கள் குறைவு. வைத்தால் விற்கும்.

ஜீ.ஐ. மேல் நேரடியாக எண்ணெய் எனமல் அடித்தால் கொஞ்ச நாளில் தோல் போல உரியும். அதற்கென்று உள்ள பிறைமரை முதலில் அடிக்க வேண்டும். ஒழுங்காகப் பெயின்ட் ஏறிய நாகம், பெயின்டின் ஆயுளையும் நாகத்தின் ஆயுளையும் கூட்டினால் வருவதைவிடக் கூடுதலாகவே நிற்கும். இசட் 120 தவிர வேறு கிடைக்கவில்லை என்பவர்கள் கடலோரத்தில் செய்யக்கூடியது இதுதான்.

போல்ட்டை மறக்க வேண்டாம். தோய்த்த பைப்பில் ஸ்டாண்ட் செய்து, மின்முலாம் பூசிய பளபளக்கும் போல்ட்டால் பூட்டினால், முதலில் போவது போல்ட். முழு ஸ்டாண்டும் அதில்தான் நிற்கிறது.

கடையிலேயே கண்டுபிடிக்க

பைப்பின் நுனியைக் கண்ணருகில் பிடித்து வெளிச்சத்தை நோக்கி உள்ளே பாருங்கள். தோய்த்த பைப்பில் உட்புறமும் சாம்பல் நிற நாகம் மூடி, ஒட்டுக் கோடும் அதே நிறத்தில் இருக்கும். ப்ரீ கல்வனைஸில் உட்புறம் வழுவழுப்பாக இருந்து, ஒட்டுக் கோடு மட்டும் கருத்தோ சிவந்தோ தனியாகத் தெரியும். வெளிப்புறக் கோட்டை விரல் நகத்தால் சுரண்டினால் வெள்ளிப் பெயின்ட் உரிந்து வரும்.

பைப்பின் நுனியில் இழுக்கப்பட்ட நிறப் பட்டையை நம்பிப் பூச்சைத் தீர்மானிக்க வேண்டாம். நீலம் மீடியம், சிவப்பு ஹெவி என்பதெல்லாம் இரும்பின் கனத்தைச் சொல்லும் அடையாளம். பழைய பிரித்தானிய நியமமான பி.எஸ். 1387இலிருந்து வந்த வழக்கம் அது. நாகத்தைப் பற்றி அந்தப் பட்டை எதுவும் சொல்வதில்லை. நியமத்தைப் பார்க்காமல் பட்டையை மட்டும் இழுத்து வரும் சரக்கும் இல்லாமலில்லை. வேர்ணியர் ஒன்றால் கனத்தை அளந்து, ஒரு பைப்பைத் தராசில் போட்டுப் பார்த்தால் போதும். 6 மீற்றர் ஒரு அங்குல மீடியம் 14 கிலோவுக்கு மேல் நிறுக்க வேண்டும்.

பூச்சின் கனத்தை அளக்கக் கையடக்கமான கருவி இருக்கிறது. பைப்பின்மேல் வைத்தால் மைக்ரோன் கணக்கைக் காட்டும். மாதம் பல இலட்சத்துக்கு இரும்பு எடுக்கும் கடைக்கு அது பெரிய முதலீடு அல்ல. நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்தாலும் போதும். பழைய காலத்துச் சோதனை மயில்துத்தக் கரைசல். தோய்த்த பைப்பின் சுத்தமான துண்டை ஒரு நிமிடம் அதில் அமிழ்த்தி, கழுவித் துடைத்து, இப்படி நான்கு முறை செய்வார்கள். நாகம் மெல்லியதாக உள்ள இடத்தில் இரும்பு வெளிப்பட்டு, துடைத்தாலும் போகாத செம்பு நிறம் ஒட்டிக்கொள்ளும்.

களஞ்சியத்தில் வைக்கும் முறையையும் கவனிக்க வேண்டும். புதிய பைப்புகளை நெருக்கமாக அடுக்கி, மழையில் நனைந்த பிறகு பொலித்தீனால் இறுக்கி மூடினால், காற்றுப் படாத ஈரத்தில் நாகம் வெண்பொடியாகப் பூக்கும். மெல்லிய பூச்சாக இருந்தால் விற்பதற்கு முன்பே பாதி போய்விடும். நிலத்திலிருந்து உயர்த்தி, ஒரு பக்கம் சற்றுச் சரிவாக, அடுக்குகளுக்கு இடையில் பலகைத் துண்டு வைத்து, காற்றோட்டமாக வைக்க வேண்டும். கடற்கரை மணலின்மேல் போடவே கூடாது.

பில்லில் ஒரு வரி

மெல்லிய பூச்சுள்ள சரக்கை விற்கக் கூடாது என்பதல்ல எனது வாதம். வீட்டுக்குள் போடும் சீலிங் சட்டத்துக்கு அது தாராளமாகப் போதும். சம்மாந்துறைக்கும் இறக்காமத்துக்கும் போகும் பல வேலைகளுக்கும் போதும். ஆறு மாதத்துக்கு நிற்கும் தற்காலிகக் கொட்டகைக்கு ஹொட் டிப் வாங்குவது வீண் செலவு. வாங்குபவருக்கு எது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சம்பவத்தை நாமெல்லோரும் ஜும்ஆவில் கேட்டவர்கள். நனைந்த தானியத்தை விற்க வேண்டாம் என்று அங்கே சொல்லப்படவில்லை. நாட்டின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடை செய்திருக்கிறது.

"சொன்னால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார்" என்று சில சகோதரர்கள் சொல்கிறார்கள். இரண்டு சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நுனியைக் காட்டி, "கடலோரத்துக்கு இது இவ்வளவு நாள், அது அவ்வளவு நாள்" என்று விலையோடு சொன்னால் ஓடுபவர்கள் குறைவு. குறைந்ததை எடுத்தாலும் தெரிந்துகொண்டு எடுப்பார். மூன்றாம் வருடம் கறள் பிடித்த பைப்போடு கடை வாசலில் வந்து நிற்க மாட்டார்.

அதற்கு முதல் படி கொழும்புக்கு ஓடர் கொடுக்கும்போது நாம் கேட்பது. "ஜீ.ஐ. பைப் அனுப்புங்கள்" என்று சொல்லாமல், ஹொட் டிப்பா ப்ரீ கல்வனைஸா, சதுர மீற்றருக்கு எத்தனை கிராம், ஒரு பக்கத்துக்கா இரண்டு பக்கத்துக்கா, இரும்பின் கனம் எத்தனை மில்லிமீற்றர் என்று கேளுங்கள். தொழிற்சாலைச் சான்றிதழின் பிரதியையும் கேளுங்கள். தருபவரிடம் எடுங்கள். பிறகு நமது பில்லிலும் அதே வரியை எழுதலாம்: "1 அங்குலம், மீடியம் 3.2 மி.மீ., ஹொட் டிப்" அல்லது "பொக்ஸ் பார் 1.2 மி.மீ., ப்ரீ கல்வனைஸ் இசட் 120". பில் புத்தகத்தில் அதற்கு இடமிருக்கிறது.